வீதிக்குக் கண்கள் தந்த பெண்மணி: ஜேன் ஜேக்கப்ஸ் வாழ்வும் பணியும்

பொழுது சாய்ந்த பின்னர் பெண்பிள்ளையைத் தனியே வெளியே அனுப்பலாமா என்ற கேள்வி எழாத தமிழ்க் குடும்பம் ரொறன்ரோ மாநகரில் இருத்தல் அரிது. இரவு வேலை முடிந்து ஆள் நடமாட்டமற்ற பேருந்துத் தரிப்பிடத்தில் நிற்கும் மனைவி, வாசிகசாலையிலிருந்து இருட்டிய பின் திரும்பும் மகள், மாடிக்கட்டடத்தின் நிலக்கீழ்ச் சலவை அறைக்குத் தனியே இறங்கும் மருமகள் என எமது பெண்களின் நாளாந்த வாழ்வு இந்தக் கேள்வியைச் சுமந்தே நகர்கின்றது. இதற்கு எம்மவர் வழக்கமாகக் கூறும் விடை ஒன்றே: பெண்ணை வீட்டில் நிறுத்துவது.

பெண்ணை நிறுத்துவதற்குப் பதிலாக வீதியைத் திருத்தினால் என்ன என்று கேட்க இடமளித்தவர்களுள் முதன்மையானவர் ஜேன் ஜேக்கப்ஸ் அம்மையார். நகரங்கள் பற்றிய உலகின் எண்ணத்தையே மாற்றிய இந்தப் பெண்மணி, தம் வாழ்நாளின் பிற்பகுதி முழுவதையும் எமது ரொறன்ரோ நகரிலேயே கழித்தார். பெண்களின் பாதுகாப்பு என்று தலைப்பிட்டு அவர் நூல் எதுவும் எழுதவில்லை. ஆயினும் ஒரு வீதி எதனால் அச்சமற்றதாகின்றது என்பதை அவர் விளக்கிய விதமே, பின்னர் இந்த நகரத்துப் பெண்கள் கட்டியெழுப்பிய பல ஏற்பாடுகளுக்கு அடித்தளமாயிற்று. எம்மைப் போலவே அவரும் போர் ஒன்றின் காரணமாகப் பிறந்த நாட்டைத் துறந்து, பிள்ளைகளுடன் கனடாவுக்கு வந்து குடியேறியவர் என்பது அவர் வாழ்வை எமக்கு இன்னும் அணுக்கமாக்குகின்றது.

சுரங்க நகரின் மகள்

1916ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் நாள் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து ஸ்கிரான்ரன் நகரில் ஜேன் பிறந்தார். பட்ஸ்னர் என்பது குடும்பப் பெயர். தந்தையார் மருத்துவர், தாயார் ஆசிரியையாகவும் தாதியாகவும் பணியாற்றியவர். நிலக்கரிச் சுரங்கங்களால் செழித்து, அந்தத் தொழில் தேய்ந்தபோது தானும் தேய்ந்த நகரம் ஸ்கிரான்ரன். ஒரு நகரம் எவ்வாறு வாழ்கின்றது, எவ்வாறு மெல்ல மடிகின்றது என்ற கேள்வி அவர் மனத்தில் வேரூன்றியது இங்கேதான்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றின் மகளிர் பக்கத்துக்குச் சம்பளமின்றி உதவியாளராக இருந்தார். 1935இல், பொருளாதாரப் பெருமந்தம் அமெரிக்காவை வாட்டிய காலத்தில், மூத்த சகோதரியுடன் நியூயோர்க் சென்றார். சுருக்கெழுத்தாளராக வேலை தேடித் திரிந்த ஒரு நாளில், கிறிஸ்ரோபர் வீதி என்ற பெயர் பிடித்திருந்தது என்பதற்காகவே நிலக்கீழ் ரயிலிலிருந்து அங்கு இறங்கினாராம். அந்தக் கிறீன்விச் வில்லேஜ் வட்டாரமே பின்னர் அவருக்கு ஊராயிற்று. தோல் வியாபாரம், பூ வியாபாரம், வைர வியாபாரம் நடைபெறும் தெருக்களைச் சுற்றிப் பார்த்து அவர் எழுதிய கட்டுரைகள் வோக் சஞ்சிகையில் வெளிவந்தன.

கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் வெளிவாரி வகுப்புகளில் இரண்டு ஆண்டுகள் விரும்பிய பாடங்களைப் பயின்றார், பட்டம் பெறவில்லை. பிற்காலத்தில் பல பல்கலைக்கழகங்கள் கௌரவப் பட்டம் அளிக்க முன்வந்தபோதும் அவர் அவற்றை ஏற்கவில்லை. கட்டடக்கலையோ நகரத் திட்டமிடலோ முறையாகக் கல்லாத ஒருவர், அந்தத் துறையின் வல்லுநர்களை எல்லாம் தலைகுனிய வைத்தார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. புதிய நாட்டில் தம் கல்விச் சான்றிதழ்கள் மதிக்கப்படாமல் மனம் சோர்ந்திருக்கும் எம்மவர் பலருக்கு இது ஓர் ஆறுதல் மட்டுமன்று, பாடமுமாகும்.

1944இல் றொபேட் ஜேக்கப்ஸ் என்ற கட்டடக் கலைஞரை மணந்தார். 1947இல் ஹட்சன் வீதி 555ஆம் இலக்கத்தில், கீழே பழைய கடையும் மேலே குடியிருப்புமாக இருந்த சிறு வீட்டை இருவரும் வாங்கித் திருத்தினர். இரு ஆண் பிள்ளைகளும் ஒரு பெண் பிள்ளையும் அங்கு வளர்ந்தனர். 1952 முதல் கட்டடக்கலைச் சஞ்சிகை ஒன்றில் பணியாற்றிய ஜேன், நாட்டின் பல நகரங்களுக்கும் சென்று புதிய குடியிருப்புத் திட்டங்களைப் பார்வையிட்டார்.

அழகிய திட்டங்களும் ஆளற்ற வெளிகளும்

அந்நாளில் பழைய நெருக்கமான வீதிகளை இடித்துத் தள்ளிவிட்டுப் புல்வெளிகளின் நடுவே உயர்ந்த மாடிக்கட்டடங்களை எழுப்புவதே முன்னேற்றம் எனக் கருதப்பட்டது. வரைபடத்தில் அவை அழகாகவே தோன்றின. ஆனால் ஜேன் நேரிற் சென்று பார்த்தபோது புல்வெளிகள் வெறிச்சோடிக் கிடந்தன. மின்தூக்கிகளும் நீண்ட ஓடைகளும் மாடிப்படிகளும் எவர் பார்வையும் படாத மறைவிடங்களாக இருந்தன. தெருவில் நடக்கத் தயங்காத பெண்கள் தம் சொந்தக் கட்டடத்தின் மின்தூக்கியில் ஏறத் தயங்கினர்.

நியூயோர்க்கின் கிழக்கு ஹார்லெம் பகுதியில் சமூகப் பணியாற்றிய ஒருவர் அவரைத் தெருத் தெருவாக அழைத்துச் சென்று காட்டினார். புதிய குடியிருப்புகளுக்காக அங்கு நூற்றுக்கணக்கான சிறு கடைகள் அழிக்கப்பட்டிருந்தன. கடைகள் போனதுடன் மக்கள் ஒருவரையொருவர் அறியும் வாய்ப்பும் போயிற்று. செய்தி சொல்லவும், பிள்ளையைச் சற்று நேரம் பார்த்துக்கொள்ளவும், ஆபத்தில் ஓடிவரவும் எவரும் இல்லாத இடமாக அது மாறியிருந்தது. ஒரு சிறு கடை பொருள் விற்கும் இடம் மாத்திரமன்று, வீதியின் காவலும் அதுவே என்ற உண்மை அவருக்கு அங்கே புலனாயிற்று.

ஹட்சன் வீதியில் ஒரு சிறுமி

1961இல் வெளிவந்த, அமெரிக்கப் பெருநகரங்களின் மரணமும் வாழ்வும் என்று பொருள்படும் அவரது நூல், நகரத் திட்டமிடல் துறையை உலுக்கிற்று. அந்த நூல் நடைபாதைகளைப் பற்றிய ஆராய்ச்சியுடனேயே தொடங்குகின்றது. நடைபாதையின் முதற் பயன் பாதுகாப்பே என்று அவர் வைத்தார். அதில் அவர் விவரிக்கும் நிகழ்ச்சி ஒன்று எமது பொருளுக்கு மிகவும் வேண்டியது.

ஒரு நாள் அவர் தம் வீட்டு மாடி யன்னலிலிருந்து பார்க்கும்போது, எதிர்ப்புறத்தில் ஒரு மனிதர் எட்டு அல்லது ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியைத் தம்முடன் வருமாறு வற்புறுத்திக் கொண்டிருந்தார். சிறுமி சுவரோடு ஒட்டி விறைத்து நின்றாள். தாம் இறங்கிச் செல்ல வேண்டுமோ என்று ஜேன் எண்ணிய வேளையில், அது தேவைப்படாது என்று தெரிந்தது. இறைச்சிக் கடையிலிருந்து கடைக்காரரின் மனைவி வந்து கைகட்டி நின்றார். உணவுக் கடைக்காரர் மறுபுறம் வந்து நின்றார். மேல்மாடி யன்னல்களில் தலைகள் தோன்றின. மதுச்சாலையிலிருந்து இருவர் வாசலுக்கு வந்தனர். பூட்டுக் கடைக்காரரும் பழக் கடைக்காரரும் சலவைக் கடைக்காரரும் வெளியே வந்துவிட்டனர். தாம் சுற்றி வளைக்கப்பட்டதை அந்த மனிதர் அறியவே இல்லை. அந்தச் சிறுமியை எவரும் இழுத்துச் செல்ல அந்த வீதி விட்டிருக்காது. இறுதியில், அவர் அவளின் தந்தையே என்பது தெரிய வந்தது.

இந்த நிகழ்ச்சியில் அவர் கவனித்த மற்றொன்றும் உண்டு. அந்தச் சில நிமிடங்களிலும் ஒரேயொரு கட்டடத்தின் யன்னல்களில் மாத்திரம் எவர் முகமும் தோன்றவில்லை. அது உயர்ந்த வாடகைக்குச் சிறு வீடுகளாகப் பிரிக்கப்பட்ட கட்டடம். வந்து தங்கிச் செல்வோர் வாழ்ந்த இடம். செல்வமும் புதுமையும் ஒரு வீதிக்குக் காவலாகா; அந்த வீதியைத் தம்முடையது என்று எண்ணுவோரே காவல் என்பதை இதைவிடத் தெளிவாகக் கூறல் இயலாது.

இதிலிருந்து அவர் வகுத்த கருத்து எளியது. பொலிஸார் எத்தனை பேரை நிறுத்தினும் வீதியின் அமைதி அவர்களால் மட்டும் காக்கப்படுவதில்லை. கடை வைத்திருப்போர், யன்னலருகே இருப்போர், வேலைக்குப் போவோர், வருவோர் ஆகிய அனைவரின் கண்களும் சேர்ந்தே அதைக் காக்கின்றன. அந்தக் கண்கள் வீதியில் இருக்க வேண்டுமாயின், மக்கள் அங்கு வரக் காரணம் வேண்டும். காலையில் ஒரு கூட்டம், மதியம் ஒரு கூட்டம், இரவில் ஒரு கூட்டம் என நாள் முழுவதும் நடமாட்டம் இருக்க வேண்டும். இதற்குக் குடியிருப்பும் கடையும் தொழிலகமும் கலந்திருத்தல், குறுகிய இடைவெளியில் சந்திகள் அமைதல், பழைய கட்டடங்களும் புதியனவும் கலந்து நிற்றல், போதிய அளவு மக்கள் நெருங்கி வாழ்தல் ஆகிய நான்கும் வேண்டும் என்றார். தெருவிளக்கு நல்லதே; ஆனால் பார்ப்பதற்குக் கண்களே இல்லாத இடத்தில் விளக்கினால் மட்டும் பயனில்லை என்பதும் அவர் கருத்து.

தாய்மார் வென்ற போராட்டங்கள்

எழுதியதுடன் அவர் நின்றுவிடவில்லை. நியூயோர்க்கில் பெருந்தெருக்களும் பாலங்களும் அமைப்பதில் நிகரற்ற அதிகாரம் செலுத்திய றொபேட் மோசஸ், கிறீன்விச் வில்லேஜின் வாஷிங்ரன் சதுக்கப் பூங்காவை ஊடறுத்து வீதி அமைக்க முனைந்தார். தள்ளுவண்டிகளுடன் வந்த தாய்மார் அதனை எதிர்த்தனர். சில தாய்மாரைத் தவிர எதிர்ப்போர் எவருமில்லை என அவர் ஏளனம் செய்ததாக ஜேன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். ஆனால் அந்தத் தாய்மாரே வென்றனர். 1958 நவம்பரில் பூங்கா வாகனங்களுக்கு மூடப்பட்டபோது, வழக்கம் போல நாடா வெட்டாமல், நாடா கட்டி விழா எடுத்தனர்.

1961இல் அவரது சொந்த வட்டாரமே சீரழிந்த பகுதி என முத்திரை குத்தப்பட்டு இடிக்கப்படும் ஆபத்து வந்தது. அயலவரைத் திரட்டி ஓராண்டுக்குள் அதனையும் முறியடித்தார். கீழ் மன்ஹாற்றனைக் குறுக்கறுக்கும் பெருந்தெருத் திட்டத்துக்கு எதிரான போராட்டம் பல ஆண்டுகள் நீடித்தது. 1968 ஏப்ரிலில் அது பற்றிய பொது விசாரணைக் கூட்டத்தில் அவர் கைது செய்யப்பட்டார். அந்தப் பெருந்தெருவும் இறுதியில் கைவிடப்பட்டது.

போரைத் துறந்து கனடாவுக்கு

அப்போது வியட்நாம் போர் உச்சத்தில் இருந்தது. போரை எதிர்த்த ஆர்ப்பாட்டத்தில் முன்னரே ஒருமுறை கைதானவர் ஜேன். புதல்வர் இருவரும் படைக்கு அழைக்கப்படும் வயதை எட்டியிருந்தனர். அவர்கள் போருக்குச் செல்வதிலும் சிறைக்குச் செல்லவே ஆயத்தமாக இருந்தனர். தாம் செலுத்தும் வரிப்பணம் அந்தப் போருக்குப் பயன்படுவதையும் அவர் விரும்பவில்லை. 1968இல் குடும்பம் முழுவதும் ரொறன்ரோ வந்து சேர்ந்தது. இருபது ஆண்டுகள் வாழ்ந்த வீட்டையும் உலகறிந்த பெயரையும் விட்டு, ஐம்பத்திரண்டாம் வயதில் வேற்று நாட்டில் புதிதாகத் தொடங்கினார். அந்தக் காலத்தில் போரை மறுத்துக் கனடா வந்த அமெரிக்கர்கள் பல்லாயிரவர். புதல்வர்களைக் காப்பதற்காக நாட்டைத் துறந்த தாய் என்றால் அவர் உள்ளம் எத்தகையது என்பதை எமது வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

வந்த இடத்திலும் பழைய பகை காத்திருந்தது. ஸ்பாடைனா வழியே நகர மையத்தை நோக்கி ஒரு பெருந்தெரு வரவிருந்தது. அவர் குடியேறிய வட்டாரமும் அதன் பாதையிலேயே இருந்தது. புதிதாக வந்தவர்களுக்கு எதற்கு வம்பு என்று அவர் ஒதுங்கியிருக்கவில்லை. மாணவரும் பேராசிரியரும் குடியிருப்பாளரும் சேர்ந்த எதிர்ப்பு இயக்கத்தில் இணைந்தார். அறிஞர் மார்ஷல் மக்லூகனுடன் சேர்ந்து இது பற்றி ஒரு குறும்படமும் உருவாக்கினார். 1971 ஜூன் 3ஆம் நாள் ஒன்ராறியோ முதல்வர் வில்லியம் டேவிஸ் அந்தத் திட்டத்தை நிறுத்தினார். எக்லிங்டன் அவெனியூவில் திடீரென முடிந்துவிடும் அலன் வீதியே அந்தப் பெருந்தெருவின் எச்சம். தெற்கே இன்றும் உயிர்ப்புடன் விளங்கும் வட்டாரங்கள் அந்த வெற்றியின் பயன்.

1974இல் கனடியக் குடியுரிமை பெற்றார். மேயர் டேவிட் குறொம்பி காலத்தில் திட்டமிடப்பட்ட சென் லோறன்ஸ் குடியிருப்பு, அவருடைய கருத்துகளின் வழியில் உருவாயிற்று. கைவிடப்பட்ட தொழிற்சாலை நிலத்தில், வீதியை நோக்கிய வாசல்களுடன், வசதியுள்ளோரும் வசதி குறைந்தோரும் அருகருகே வாழும்படி அது அமைந்தது. அல்பனி அவெனியூவில் இருந்த தம் வீட்டில் வாழ்ந்தபடி நகரங்களின் பொருளாதாரம், கியூபெக் பிரிவினை, அறநெறி எனப் பல பொருள்களில் நூல்கள் எழுதினார். 1996இல் அவருக்குக் கனடாவின் உயர் விருதான ஓடர் ஒவ் கனடா வழங்கப்பட்டது. கணவர் மறைந்ததும் அந்த ஆண்டிலேயே. 2006 ஏப்ரில் 25ஆம் நாள், தொண்ணூறு வயது நிறைவதற்குச் சில நாட்களே இருக்கையில், ரொறன்ரோவில் காலமானார். அடுத்த ஆண்டு முதல் மே மாதத் தொடக்கத்தில் அவர் நினைவாக மக்கள் தம் அயலைச் சுற்றி நடந்து பார்க்கும் நிகழ்ச்சி இங்கு ஆரம்பமாகி, பல நாடுகளுக்கும் பரவியது.

ரொறன்ரோப் பெண்கள் தொடர்ந்த பணி

ஜேன் தொடக்கி வைத்த சிந்தனைக்கு ஒரு குறை இருந்தது. வீதியில் நடப்போர் அனைவரையும் ஒருசேர அவர் நோக்கினார். பெண்ணுக்கு மட்டும் உரிய அச்சத்தைத் தனியே பிரித்துப் பார்க்கவில்லை. அந்த இடைவெளியை நிரப்பியவர்கள் இந்த நகரத்துப் பெண்களே.

1980 ஏப்ரிலில், சட்டத்தரணியாகச் சத்தியப்பிரமாணம் செய்த அன்றிரவே பார்பரா ஷ்லிபர் என்ற இளம்பெண் தாம் வாழ்ந்த மாடிக்கட்டடத்தில் கொலை செய்யப்பட்டார். அவர் நினைவாக 1985இல் தொடங்கப்பட்ட நிலையம் வன்முறைக்குள்ளான பெண்களுக்குச் சட்ட உதவியும் ஆலோசனையும் வழங்கி வருகின்றது. 1982 கோடையில் நிகழ்ந்த தொடர் வன்முறைகள் நகரை உலுக்கின. அதன் பின்னர் மாநகர ஆட்சி அமைத்த பணிக்குழுவின் விளைவாக, 1984இல் மெற்றாக் எனச் சுருக்கமாக அழைக்கப்படும் நடவடிக்கைக் குழு தோன்றியது. பெண்களுக்கும் சிறுவர்க்கும் எதிரான வன்முறையைத் தடுத்தலே அதன் நோக்கம்.

மெற்றாக் 1989இல் உருவாக்கிய முறையே பாதுகாப்பு ஆய்வு நடை எனப்படுவது. ஒரு பகுதியில் வாழும் பெண்கள் சிறு குழுவாக இரவு வேளையில் அந்தப் பகுதியைச் சுற்றி நடப்பர். வெளிச்சம் போதுமா, எதிரே வருபவர் முகம் தெரிகின்றதா, எவரேனும் மறைந்திருக்கத்தக்க மூலைகள் உளவா, கூவினால் கேட்பவர் உண்டா, தப்பியோட இரண்டாவது வழி உண்டா என ஒவ்வொன்றையும் குறித்துக் கொள்வர். பின்னர் மாற்ற வேண்டியவற்றைப் பட்டியலிட்டு நகர சபையிடமோ கட்டட உரிமையாளரிடமோ கையளிப்பர். நிபுணரின் கருவி எதுவும் இதற்குத் தேவையில்லை. அந்த வழியால் அன்றாடம் அஞ்சி நடக்கும் பெண்ணே இங்கு நிபுணர். பட்டம் பெறாத ஜேன் தம் யன்னலிலிருந்து நகரத்தைக் கற்ற முறைக்கும் இதற்கும் உள்ள உறவு வெளிப்படையானது.

போக்குவரத்திலும் மாற்றங்கள் வந்தன. நிலக்கீழ் ரயில் நிலையங்களில் நல்ல வெளிச்சமும் உதவி கோரும் ஒலிவாங்கியும் கொண்ட காத்திருப்பு இடங்கள் அமைக்கப்பட்டன. 1991இல், இரவு 9 மணிக்குப் பின்னர் தனியே பயணம் செய்யும் பெண், இரு தரிப்பிடங்களுக்கு இடையில் தன் வீட்டுக்கு அண்மையில் இறங்கக் கேட்கலாம் என்ற ஏற்பாடு பேருந்துகளில் நடைமுறைக்கு வந்தது. பின்னர் அது தனியே பயணம் செய்யும் அனைவருக்கும் விரிக்கப்பட்டது. இரவு வேலையால் திரும்பும் எமது பெண்களில் எத்தனை பேர் இந்த உரிமையை அறிவர் என்பது கேட்கப்பட வேண்டிய கேள்வி. ரொறன்ரோவில் பிறந்த ஆய்வு நடை முறை பின்னர் பல நாடுகளுக்கும் சென்றது. டில்லியில் ஜாகோரி என்ற பெண்கள் அமைப்பும் அதனைக் கையாண்டது. 2010இல் ஐக்கிய நாடுகளின் பெண்கள் அமைப்பு டில்லி, கெய்ரோ, கிற்றோ முதலிய நகரங்களில் பாதுகாப்பான நகரங்கள் திட்டத்தைத் தொடங்கியது.

காக்கும் கண்களும் வேவு பார்க்கும் கண்களும்

ஜேனின் கருத்துக்கு எதிர்வாதங்களும் எழுந்தன. 1964இல் நியூயோர்க்கின் குயீன்ஸ் பகுதியில் ஓர் இளம்பெண் கொல்லப்பட்டபோது, முப்பத்தெட்டுப் பேர் பார்த்திருந்தும் எவரும் உதவவில்லை எனச் செய்தி வெளியாயிற்று. அந்தச் செய்தி பெரிதும் மிகைப்படுத்தப்பட்டது என்பது பின்னர் நிறுவப்பட்டது. ஆயினும் கண்கள் இருந்தால் போதாது, அயலவன் என்ற உணர்வும் வேண்டும் என்ற எச்சரிக்கை அதில் இருக்கவே செய்கின்றது. தோலின் நிறத்தைக் கண்டு அந்நியன் என ஐயுறும் கண்களும் உலகில் உண்டு. அது பற்றி ஜேன் போதிய அளவு எழுதவில்லை என்ற குறைபாடும் நியாயமானதே. பெண்கள் மீதான வன்முறையில் பெரும்பகுதி அறிந்தவர்களாலேயே, பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே நிகழ்கின்றது என்பதும், வீதியின் கண்கள் அங்கு எட்டா என்பதும் மறக்கத்தகாதன.

எம்மவர்க்கு இதில் மேலும் ஒரு சிக்கல் உண்டு. யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் கண்களுக்குக் குறைவில்லை. கிடுகு வேலிக்கு அப்பாலும் படலையடியிலும் சந்திக் கடையிலும் எவரேனும் இருப்பர். பின்னேர வகுப்பு முடிந்து சைக்கிளில் வரும் பெண்பிள்ளைக்கு அவை துணையாக இருந்ததும் உண்மை. அவள் யாருடன் கதைத்தாள், எப்போது வந்தாள் என்று கணக்கு வைத்து அவளை ஒடுக்கியதும் உண்மை. கடல் கடந்து வந்த பின்னரும் இந்த இரண்டாவது வகைக் கண்கள் எம்முடன் பயணம் செய்து வந்துள்ளன. துன்புறுத்தப்பட்ட பெண், ஊர் என்ன சொல்லும் என்ற அச்சத்தால் அதனை வெளியே கூறாமல் விடுவதும் இதனாலேயே.

இந்த வேறுபாட்டை ஜேன் நன்கு உணர்ந்திருந்தார். அவரது வீதியில் பலர் தம் வீட்டுத் திறப்பை உணவுக் கடைக்காரரிடம் நம்பிக் கொடுத்துச் செல்வர். விருந்தினர் வந்தால் அவர் திறப்பை வழங்குவார். யார் வந்தார், ஏன் வந்தார் என்று விசாரிக்கமாட்டார். பிறர் வாழ்வில் தலையிடாத நம்பிக்கையே நகர வாழ்வின் சிறப்பு என்பது அவர் துணிபு. ஆபத்தில் ஓடி வரும் கண், அமைதியான வேளையில் விலகி நிற்கவும் அறிந்திருக்க வேண்டும்.

எமக்கு முன்னுள்ள பணி

1983 ஆடிக் கலவரத்தின் பின்னர் இங்கு வந்த எம்மவரில் பலர் முதலில் குடியேறியது சென் ஜேம்ஸ் ரவுண் போன்ற மாடிக்கட்டடத் தொகுதிகளிலாகும். ஜேன் எச்சரித்த அதே வகைக் கட்டடங்கள் அவை. பின்னர் ஸ்காபரோவுக்குச் சென்றோர், அகன்ற பெருவீதிகளையும் நீண்ட இடைவெளிகளையும் வாகனத் தரிப்பிடங்களையும் கண்டனர். ஜேன் காத்த பழைய வட்டாரங்களோ புதிதாக வருவோர் வாடகை கொடுக்க இயலாத அளவுக்கு விலை உயர்ந்துவிட்டன. எனவே அவர் வாழ்ந்த வீதியைப் போன்றதொன்று எமக்குக் கிடைக்கும் எனக் காத்திருப்பது பயனற்றது. இருக்கும் இடத்திலேயே அதனை உண்டாக்க வேண்டும்.

அதற்கு வேண்டியவை எம்மிடம் இல்லாமலில்லை. இரவு வரை திறந்திருக்கும் தமிழ்க் கடைகள், மாடிக்கட்டட வாசலில் மாலை வேளைகளில் கூடும் முதியோர், ஒரே தளத்தில் வாழும் ஐந்தாறு குடும்பங்கள் ஆகிய இவையே எமது ஹட்சன் வீதி. கடை வைத்திருப்போர் தம் வாசலை ஒளியுடன் வைத்து, அஞ்சி நுழையும் பெண்ணுக்கு இடமளிக்கலாம். குடியிருப்பாளர் ஒன்றுகூடிச் சலவை அறையையும் மாடிப்படியையும் நிலக்கீழ் வாகனத் தரிப்பிடத்தையும் இரவில் நடந்து பார்த்து, எரியாத விளக்குகளையும் உடைந்த பூட்டுகளையும் எழுதி நிர்வாகத்திடம் கொடுக்கலாம். பதில் வராவிடின் நகர சபை உறுப்பினரிடம் செல்லலாம். அகதி விண்ணப்பம் முடிவாகாதவர்கள் அஞ்சுவது இயல்பே. ஆனால் எரியாத விளக்கைப் பற்றிக் கடிதம் எழுதக் குடியுரிமைப் பத்திரம் தேவையில்லை. ஜேன் ஸ்பாடைனாவுக்காகப் போராடியபோது அவரும் இந்நாட்டின் பிரசை அல்லர்.

பெண்ணை வீட்டில் நிறுத்தும் ஒவ்வோர் இரவும், வீதியில் ஒரு சோடிக் கண்கள் குறைகின்றன. அதனால் அந்த வீதி அடுத்து வரும் பெண்ணுக்கு மேலும் ஆபத்தானதாகின்றது. பெண்கள் நடமாடும் வீதியே பெண்களுக்குப் பாதுகாப்பான வீதி என்பது ஜேன் ஜேக்கப்ஸ் அம்மையாரின் வாழ்விலிருந்து நாம் பெறத்தக்க முடிவாகும். எமது பிள்ளைகளுக்கு எந்த நேரத்தில் வீடு திரும்ப வேண்டும் என்று கற்பிக்கும் நாம், அவர்கள் திரும்பி வரும் வழியைச் சீராக்கவும் கடமைப்பட்டுள்ளோம்.